விண்மீன் தகடுகளும் பேரண்டத்தின் அகவையும்: ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தை முன்வைத்து

முன்னுரை

புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கதிரவனின் செலவையும் அது இயங்கும் வட்டத்தையும் காற்று வழங்கும் திசையையும் வெட்டவெளியின் இயல்பையும் நேரிற் சென்று அளந்து வந்தவர்போல இத்துணையின எனக் கூறுவோரும் உளர் என்கிறார். சோழன் நலங்கிள்ளியின் உள்ளத்தை அத்தகையோராலும் அளந்தறிய இயலாது என்பது பாடலின் கருத்து. பரிபாடலின் இரண்டாம் பாடல், விசும்பு முதலாகப் பூதங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றிய முறையைப் பாடுகிறது. இவ்விரு பாடல்களும் தமிழாய்வுக் கட்டுரைகளில் பேரண்டத் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படுவது உண்டு. பரிபாடலில் இன்றைய பெருவெடிப்புக் கோட்பாட்டைக் காண முயல்வோரும் உளர்.

பரிபாடல் காட்டுவது பாவலரின் மெய்யியல் நோக்கு. அதன் பெருமைக்கு இயற்பியலின் சான்றிதழ் வேண்டுவதில்லை. ஆனால் புறநானூற்றுப் புலவர் குறிப்பிடும் செயல், அதாவது செல்ல இயலாத இடத்தைச் சென்று அளந்தவர்போல அளப்பது, அறிவியல் வரலாற்றின் உண்மையான வினாவாகும். பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதையும் அது நிகழ்ந்து ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆயின என்பதையும் மாந்தர் அறிந்தது எவ்வாறு? தமிழில் வெளிவந்துள்ள அறிவியல் வரலாற்று நூல்கள் பலவும் ஐன்ஸ்டைன், ஹபிள், பென்சியாஸ், வில்சன் ஆகிய பெயர்களை வரிசைப்படுத்தி இவ்வினாவுக்கு விடை கூறுகின்றன. அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. தொலைவை அறியாமல் காலத்தை அறிய இயலாது. விண்மீன்களின் இருப்பிடத்தை அறியாமல் தொலைவை அறிய இயலாது. இவ்வடிப்படைப் பணியில் நாற்பது ஆண்டுகளுக்கு அண்மையாக ஈடுபட்டிருந்த ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தை முன்வைத்து, பேரண்டத் தோற்றம் பற்றிய அறிவு வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொலைவு என்னும் சிக்கல்

விண்மீனின் தொலைவை அறிய வடிவியல் தரும் நேரிய வழி ஒன்றே. புவி கதிரவனைச் சுற்றுவதால், அண்மையில் உள்ள விண்மீன் ஆறு மாத இடைவெளியில் தொலைவிலுள்ள விண்மீன்களின் பின்னணியில் சற்றே இடம் பெயர்ந்து தோன்றும். இவ்விடமாறு தோற்றத்தை 1838இல் பெசல் என்னும் செருமானிய வானியலாளர் அன்னப்பறவை விண்மீன் குழுவில் உள்ள ஒரு மீனுக்கு அளந்தார். அதன் அளவு ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கே விகலை என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் நுட்பம் விளங்கும். இம்முறையால் மிக அண்மையிலுள்ள சில விண்மீன்களின் தொலைவையே அக்காலத்தில் அறிய முடிந்தது.

அதற்கப்பால் செல்ல இரண்டாம் வழி ஒன்று தேவைப்பட்டது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்ரியெட்டா லீவிட், சிறிய மெகல்லன் முகிலில் உள்ள 25 மாறொளிர் விண்மீன்களைக் கொண்டு 1912இல் ஓர் உறவை நிறுவினார். செபீடு என வழங்கும் அவ்வகை விண்மீன்கள் ஒளி மிகுந்தும் குறைந்தும் துடிக்கும் கால அளவு நீள நீள, அவற்றின் உண்மை ஒளியளவும் மிகுகிறது. துடிப்பின் காலத்தை அறிந்தால் உண்மை ஒளியை அறியலாம். உண்மை ஒளியைத் தோற்ற ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவை அறியலாம். ஆனால் இவ்வளவுகோலைப் பயன்படுத்துவதற்கு ஒரு செபீடு மீனின் தொலைவேனும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அவற்றுள் எதுவும் அன்று இடமாறு தோற்றத்தால் அளக்கத்தக்க அண்மையில் இல்லை.

இத்தடையை 1913இல் ஹெர்ட்சுபிரங் என்னும் டேனிய வானியலாளர் கடந்தார். விண்மீன்கள் நிலைத்தவை எனத் தோன்றினும் அவை ஒவ்வொன்றும் வானில் மிக மெல்ல நகர்கின்றன. இது விண்மீனின் சொந்த இயக்கம் எனப்படும். ஒரே வேகத்தில் செல்லும் இரண்டனுள் அண்மையில் உள்ளது மிகுதியாகவும் தொலைவில் உள்ளது குறைவாகவும் நகர்வதாகத் தோன்றும். இவ்வடிப்படையில் 13 செபீடு மீன்களின் சொந்த இயக்கங்களைப் புள்ளியியல் முறையில் ஒருங்கே கணக்கிட்டு அவற்றின் சராசரித் தொலைவை அவர் கண்டார். அச்சொந்த இயக்கங்களை அவருக்குத் தந்தவை, பல்லாண்டு இடைவெளியில் விண்மீன்களின் இருப்பிடங்களைப் பதிவு செய்திருந்த அட்டவணைகளே. பேரண்டத்தை அளந்த முதல் அளவுகோலின் அடியில் விண்மீன் அட்டவணை இருந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பாரிசு மாநாடும் வான வரைபடத் திட்டமும்

அட்டவணைகளின் இன்றியமையாமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உணரப்பட்டிருந்தது. பாரிசு வானாய்வகத்தின் இயக்குநர் எர்னஸ்டு மூஷே 1887 ஏப்பிரலில் பன்னாட்டு மாநாடு ஒன்றைக் கூட்டினார். வானம் முழுமையையும் ஒளிப்படத் தகடுகளில் பதித்து, பதினொன்றாம் ஒளித்தரம் வரையிலான விண்மீன்கள் அனைத்தின் இருப்பிடங்களையும் அட்டவணைப்படுத்துவது என அங்கு முடிவாயிற்று. வானம் கிடைப்பட்டைகளாகப் பகுக்கப்பட்டு, 18 வானாய்வகங்களுக்குப் பங்கிட்டு அளிக்கப்பட்டது. ஒவ்வொரு தகடும் வானில் இரண்டு பாகைச் சதுரத்தைப் பதிவு செய்யும்; தகட்டின் ஒரு மில்லிமீட்டர் வானில் ஒரு கலையைக் குறிக்கும். எங்கு எடுக்கப்பட்ட தகடாயினும் ஏனையவற்றோடு ஒப்பிடத்தக்கதாய் அமைய வேண்டும் என்பதே இவ்வரையறைகளின் நோக்கம்.

திட்டத்தைத் தீட்டியவர்கள் அது சில ஆண்டுகளில் முடியும் என எதிர்பார்த்தனர். ஆனால் தென்வானப் பகுதிகளை ஏற்ற வானாய்வகங்கள் சில பணியைத் தொடர இயலாமற் போயின. சிலி நாட்டின் சாந்தியாகோ வானாய்வகத்துக்கு ஒதுக்கப்பட்ட பகுதி அவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் ஒன்று. வான நடுவரைக்குத் தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையிலான அப்பட்டையே ஐதராபாத்தை வந்தடைந்தது.

நிஜாமியா வானாய்வகம்

ஐதராபாத் அரசின் உயர்குடியினரான நவாப் ஜாபர் ஜங் வானியலில் ஈடுபாடு மிக்கவர். இங்கிலாந்தில் தொலைநோக்கியை வாங்கி, பிசல்பண்டாவில் இருந்த தம் நிலத்தில் 1901இல் வானாய்வகத்தை நிறுவினார். ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கானின் ஆட்சிக்காலம் அது. வானாய்வகம் நிஜாமின் பெயரால் வழங்க வேண்டும் என்பதும், தமக்குப் பின் அரசு அதனை ஏற்று நடத்த வேண்டும் என்பதும் நவாபின் விருப்பங்கள். அவர் மறைந்தபின் 1908இல் அரசு அதனை ஏற்றது. வானாய்வகம் நகரின் மறுபுறத்தில் உள்ள பேகம்பேட்டைக்கு மாற்றப்பட்டது. குக் நிறுவனத்தின் 8 அங்குல வான்ஒளிப்படக் கருவியும், கிரப் நிறுவனத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியும் அதன் முதன்மைக் கருவிகள்.

முதல் இயக்குநரான ஆர்தர் சாட்வுட் அடித்தளப் பணிகளைச் செய்தார். 1914இல் பொறுப்பேற்ற இராபர்ட் போக்காக்கின் காலத்தில் ஒளிப்படப் பணி விரைவு பெற்றது. அவர் 1918இல் மறைந்தபின் பொறுப்பு டி.பி. பாஸ்கரனிடம் வந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் இப்பணியை நடத்தினார். 1944இல் அவரையடுத்து அக்பர் அலி இயக்குநரானார். தென்பட்டைக்கான தகடுகள் 1914 முதல் 1929 வரையிலும் எடுக்கப்பட்டன. இப்பணி நிறைவுற்ற நிலையில், செருமனியின் பாட்சுடாம் வானாய்வகம் முடிக்க இயலாது விட்ட வடபட்டையின் ஒரு பகுதியும், அதாவது வடக்கு 36 பாகை முதல் 39 பாகை வரையிலான பகுதியும், ஐதராபாத்தின் பொறுப்பாயிற்று. அதற்கான தகடுகள் 1928 முதல் 1938 வரை எடுக்கப்பட்டன. முடிவுகள் 12 தொகுதிகளாக வெளிவந்தன. இரு பட்டைகளிலுமாக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்கள் இவற்றில் பதிவாயின. ஐரோப்பிய வானாய்வகங்கள் சில தம் பங்கையே முடிக்காத நிலையில், ஐதராபாத் பிறர் விட்ட இரு பகுதிகளை ஏற்று முடித்தது.

வானாய்வகம் 1919இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இந்திய மொழியொன்றை, உருதுவை, உயர்கல்வியின் பயிற்றுமொழியாகக் கொண்டு 1918இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அறிவியல் நூல்களை மொழிபெயர்க்கவும் கலைச்சொற்களை ஆக்கவும் தனி மொழிபெயர்ப்புப் பணியகம் ஒன்று அங்கு இயங்கியது. அதே காலப்பகுதியில், 1916இல், சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவியதை இதனோடு ஒப்புநோக்கலாம். இந்திய மொழிகளில் அறிவியலைப் பேச வேண்டும் என்ற வேட்கையும் இந்திய வானத்தை இந்தியர் அளக்க வேண்டும் என்ற முயற்சியும் ஒரே காலத்தவை.

தகடும் அளவையும்

ஒளிப்படம் எடுப்பது பணியின் சிறு பகுதி. பெரும்பகுதி பகலில் நடந்தது. ஒவ்வொரு தகட்டிலும் விண்மீன்களோடு, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த கோடுகளின் வலையும் பதிந்திருக்கும். நுண்ணோக்கியின் வழியே தகட்டைப் பார்த்து, ஒவ்வொரு விண்மீனும் தனக்கண்மையான கோடுகளிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது எனக் கிடையாகவும் நெடுக்காகவும் அளக்க வேண்டும். பின்னர்த் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். அளப்பவரின் கண் ஒரு பக்கமாகச் சாயும் பிழையை இம்மறு அளவை நீக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கப்பட்டமையால் ஒரு விண்மீன் குறைந்தது இரு தகடுகளில் இடம்பெறும். ஆகவே நான்கு இலட்சம் விண்மீன்கள் என்பது அளவைகளின் எண்ணிக்கையில் பல மடங்கு ஆகும். இதன் பின் கணக்கீடு. அதன் பின் அச்சு.

இவ்வளவு நுட்பம் ஏன் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு விண்மீன் ஆண்டுக்கு விகலையில் நூறில் ஒரு பங்கு நகர்வதாகக் கொள்வோம். 75 ஆண்டுகளில் அது முக்கால் விகலை நகர்ந்திருக்கும். அறுபது விகலை கொண்ட ஒரு கலை தகட்டில் ஒரு மில்லிமீட்டர் ஆதலின், அந்நகர்வு தகட்டில் மில்லிமீட்டரின் எண்பதில் ஒரு பங்கே. பேகம்பேட்டையில் அளந்தவர்கள் இந்நகர்வைக் காணவில்லை, காணவும் இயலாது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின் வரும் ஒருவர் காண்பதற்கான முதற்புள்ளியை அவர்கள் குறித்து வைத்தனர். அட்டவணைத் தொகுதிகளில் இயக்குநர்களின் பெயர்கள் உள்ளன. தகடுகளை அளந்தோரும் கணக்கிட்டோரும் வரலாற்றில் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர்.

1929: முதல் அகவை முரண்

ஐதராபாத்தில் தென்பட்டையின் தகடுகள் எடுக்கப்பட்டுவந்த அதே பதினைந்து ஆண்டுகளில் வானியலின் முகம் மாறியது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் 1915இல் உருப்பெற்றது. அதன் சமன்பாடுகள் விரியும் பேரண்டத்துக்கும் இடந்தருகின்றன என 1922இல் உருசிய நாட்டின் பிரீட்மனும், 1927இல் பெல்சியத்தின் இலமைத்தரும் காட்டினர். கலிபோர்னியாவின் வில்சன் மலை வானாய்வகத்தில் எட்வின் ஹபிள் 1923 அக்டோபரில் எடுத்த ஒரு தகட்டில் ஆந்திரமேடா ஒண்முகிலில் செபீடு மீன் ஒன்றைக் கண்டார். அதன் துடிப்பிலிருந்து அவ்வொண்முகில் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் எனத் தெளிந்தது. ஸ்லைபர் முதலியோர் முன்னரே அளந்திருந்த செம்பெயர்ச்சிகளையும் தம் தொலைவுகளையும் இணைத்து, தொலைவு மிக மிக விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்லும் வேகமும் மிகுகிறது என்பதை ஹபிள் 1929இல் வெளியிட்டார். எல்லாம் விலகிச் செல்கின்றன எனில் ஒரு காலத்தில் அவை நெருங்கி இருந்திருக்க வேண்டும். இக்கருத்தை இலமைத்தர் 1931இல் ஆதி அணு என்னும் கருதுகோளாக விரித்தார்.

வேகமும் தொலைவும் தெரிந்தால் விலகத் தொடங்கிய காலத்தைக் கணிக்கலாம். ஹபிளின் அளவுகள் தந்த விடை ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். இங்குதான் முரண் எழுந்தது. பாறைகளின் கதிரியக்கத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட புவியின் அகவை இதனை எட்டியும் விஞ்சியும் நின்றது. பேரண்டத்தைவிட அதனுள் இருக்கும் புவி மூத்ததாக இருக்க முடியாது. பின்னர், 1956இல், கிளேர் பேட்டர்சன் புவியின் அகவையை 455 கோடி ஆண்டுகள் என நிறுவினார். பிழை எங்கிருந்தது? விரிவு என்னும் கருத்தில் இல்லை, தொலைவில் இருந்தது. செபீடு மீன்கள் ஒரு வகையல்ல, இரு வகை என்பதை வால்டர் பாடே 1952இல் அறிவித்தபோது விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் இரட்டித்தன, அகவையும் இரட்டித்தது. 1958இல் ஆலன் சாண்டேஜ் மேலும் பிழைகளை நீக்கி, விரிவின் வீதத்தை இன்றைய மதிப்புக்கு அண்மையாகக் கொணர்ந்தார். கோட்பாடு மாறாதிருக்க, அளவை மாறியதால் பேரண்டத்தின் அகவை முப்பது ஆண்டுகளுக்குள் பன்மடங்கு உயர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் கருத வேண்டும். வான வரைபடத் திட்டத்தில் அமெரிக்க வானாய்வகம் எதுவும் பங்கேற்கவில்லை. ஐரோப்பிய வானாய்வகங்கள் தகடுகளை அளந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்கர்கள் பெருந்தொலைநோக்கிகளைக் கட்டி நிறமாலையை ஆராய்ந்து புதிய வானியற்பியலில் முந்தினர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறும் குறை. ஐதராபாத்துக்கும் இது பொருந்தும். 1929இல் பேரண்டம் விரிகிறது என்ற செய்தி வெளிவந்தபோது நிஜாமியா வானாய்வகம் அட்டவணைப் பணியில் ஆழ்ந்திருந்தது. அவ்வானாய்வகம் பேரண்டத் தோற்றத்தைக் கண்டறியவில்லை. கண்டறியும் நோக்கமும் அதற்கு இருக்கவில்லை. இதனை மறைத்து அதன் பெருமையைப் பேசுவது வரலாறு ஆகாது. எனினும் அப்பணி வீணாயிற்றா என்பது வேறு வினா. அதற்கான விடை பின்னரே கிடைத்தது.

கோட்பாடுகளின் போட்டியும் இந்தியப் பங்களிப்பும்

பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. ஹாயில், போண்டி, கோல்டு ஆகிய மூவரும் 1948இல் நிலைத்த நிலைக் கோட்பாட்டை முன்வைத்தனர். பேரண்டம் விரிந்தாலும் புதுப் பருப்பொருள் தோன்றி இடைவெளியை நிரப்புவதால் அது என்றும் ஒரே தோற்றத்தோடு இருக்கும் என்பது அக்கோட்பாடு. அகவை முரண் தீராதிருந்த அக்காலத்தில் இது வலுவான மாற்றாகவே விளங்கியது. இந்தியாவின் ஜயந்த் நார்லிகர் ஹாயிலோடு இணைந்து இதனை வளர்த்தார்; 1993இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோரோடு அதன் திருந்திய வடிவத்தையும் வெளியிட்டார். 2025இல் மறையும் வரை பெருவெடிப்புக் கோட்பாட்டை வினவுவதை அவர் கைவிடவில்லை.

மறுபுறம், கொல்கத்தாவில் பணியாற்றிய அமல்குமார் இராய்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு, சார்பியலின்படி பருப்பொருளின் ஈர்ப்பு அதன் பாதைகளை ஒன்றை நோக்கி ஒன்று குவிக்கும் முறையைப் பொதுமையாகக் காட்டியது. பேரண்டம் எங்கும் ஒரே சீராக உள்ளது என்ற எளிய கற்பனை இல்லாமலேயே இம்முடிவு கிடைத்தது. 1960களில் பென்ரோசும் ஹாக்கிங்கும் நிறுவிய ஒருமைப்புள்ளித் தேற்றங்களுக்கு இது அடித்தளமாயிற்று.

வழக்கைத் தீர்த்தது அளவையே. 1948இல் ஆல்பரும் ஹெர்மனும், தொடக்கம் வெப்பமிக்கதாக இருந்திருப்பின் அதன் எச்சமாகிய கதிர்வீச்சு இன்றும் சில கெல்வின் வெப்பநிலையில் எங்கும் பரவியிருக்க வேண்டும் எனக் கணித்திருந்தனர். 1964–65இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியில் நீக்க இயலாத ஓர் இரைச்சலைக் கண்டனர். வானின் எத்திசையிலிருந்தும் சமமாக வந்த அது, ஏறத்தாழ 3 கெல்வின் வெப்பநிலைக்கு உரிய நுண்ணலைக் கதிர்வீச்சு. 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் அதன் நிறமாலையை நுட்பமாக அளந்தது. 1992இல் அதிலுள்ள மிகச் சிறு ஏற்ற இறக்கங்களும் வெளிப்பட்டன. வெப்பமிக்க தொடக்கம் ஒன்று இருந்தது என்பது இவற்றால் உறுதியாயிற்று. அது எப்போது என்பது தொலைவையே சார்ந்து நின்றது.

வேணு பாப்பு

நிஜாமியா வானாய்வகத்தின் கொடை அட்டவணையோடு முடியவில்லை. அங்குப் பணியாற்றிய மணலி குக்குழி பாப்புவின் மகன் வேணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தார். தந்தையின் வானாய்வகமே அவருடைய முதற்பள்ளி. நிஜாம் கல்லூரி மாணவராக இருந்தபோதே மாறொளிர் விண்மீன்கள் பற்றி எழுதினார். ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு சென்ற அவர், 1949இல் போக், நியூகர்க் ஆகியோரோடு சேர்த்துப் பெயரிடப்பட்ட வால்மீனைக் கண்டறிந்தார்.

பின்னர்க் கலிபோர்னியாவில் ஓலின் வில்சனோடு இணைந்து அவர் செய்த ஆய்வு 1957இல் வெளிவந்தது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்துக்கு உரிய ஒரு கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்கீற்றின் அகலம், அவ்விண்மீனின் உண்மை ஒளியளவோடு சீராகத் தொடர்புற்றிருப்பதை இருவரும் காட்டினர். வில்சன்–பாப்பு விளைவு என வழங்கும் இதனால், நிறமாலையை மட்டும் கொண்டு ஒரு விண்மீனின் தொலைவை மதிப்பிடலாம். லீவிட்டின் உறவைப் போலவே இதற்கும் தொடக்கத் திருத்தம் வேண்டும். அது இடமாறு தோற்றத்தால் அறியப்பட்ட விண்மீன்களிலிருந்து வருவது. இருப்பிடத்தை அளந்த வானாய்வகத்தில் வளர்ந்தவர் தொலைவை அளக்கும் வழியொன்றைக் கண்டது பொருத்தமுடைய தொடர்ச்சியாகும்.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராகிய பாப்பு, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து புதிய வானாய்வகத்தை உருவாக்கினார். 1982இல் அவர் மறைந்தபின், 1986இல் அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஐதராபாத்தில் தொடங்கிய மரபு தமிழ்நாட்டு மலையொன்றில் இவ்வாறு நிலைபெற்றது. ஐதராபாத்திலும் நகரின் ஒளியும் புழுதியும் பேகம்பேட்டை வானத்தை மறைத்தமையால், உஸ்மானியா பல்கலைக்கழகம் 1960களின் இறுதியில் ஜாபல்–ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவியது.

தகடுகளின் மறுவரவு

1989இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்கசு செயற்கைக்கோள், காற்று மண்டலத்தின் தடையின்றி விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்தது. 1997இல் வெளிவந்த அதன் அட்டவணை ஏறத்தாழ 1,18,000 விண்மீன்களின் இடமாறு தோற்றங்களைத் தந்தது. அதே செயற்கைக்கோளின் துணைக்கருவி மேலும் பல இலட்சம் மீன்களின் இருப்பிடங்களைக் குறைந்த நுட்பத்தோடு பதிவு செய்திருந்தது. ஆனால் அக்கலம் இயங்கியது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. மங்கலான விண்மீன்களின் சொந்த இயக்கத்தை அறிய அவ்விடைவெளி போதாது. அவை முன்னர் எங்கிருந்தன என்பது தெரிய வேண்டும்.

அப்போது உலகம் பழைய அட்டவணைகளை நோக்கித் திரும்பியது. வான வரைபடத் திட்டத்தின் அனைத்துத் தொகுதிகளிலும் அச்சாகியிருந்த அளவைகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தினர் அவற்றை ஹிப்பார்கசு அடிப்படையில் திருத்தி, 46 இலட்சம் விண்மீன்களைக் கொண்ட ஒரே அட்டவணையாக 1997இல் வெளியிட்டனர். அதனையும் 143 பிற அட்டவணைகளையும் செயற்கைக்கோளின் பதிவுகளோடு ஒப்பிட்டு உருவாகியதே 2000இல் வெளிவந்த டைக்கோ–2 அட்டவணை. 25 இலட்சம் விண்மீன்களின் சொந்த இயக்கங்கள் அதில் உள்ளன. ஐதராபாத்தின் இரு பட்டைகளும் அதன் முதற்புள்ளிகளுள் அடங்கும். பேகம்பேட்டையில் குறித்து வைத்த அளவைகள், குறித்தவர்கள் மறைந்தபின் தம் பயனை அடைந்தன.

இக்காலத்திலேயே இரண்டாம் அகவை முரணும் தீர்ந்தது. 1990களின் நடுவில் விரிவின் வீதத்தைக் கொண்டு கணித்தால் பேரண்டம் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளே உடையது என்ற முடிவு வந்தது. பால்வீதியின் மூத்த கோள்வடிவ விண்மீன் கொத்துகளோ 1500 கோடி ஆண்டு அகவையின எனத் தோன்றின. 1929இன் சிக்கல் வேறு உருவில் மீண்டது. ஹிப்பார்கசின் அளவைகள் அக்கொத்துகள் முன்பு எண்ணியதைவிடத் தொலைவில் இருப்பதைக் காட்டின. தொலைவு மிகுந்தால் உண்மை ஒளி மிகும். ஒளி மிகுந்த விண்மீன் விரைவில் முதிர்வது. ஆகவே அவற்றின் அகவை குறைந்தது. 1998இல் இரு ஆய்வுக் குழுக்கள் பேரண்ட விரிவு முடுக்கம் பெற்று வருவதைக் கண்டறிந்ததும் பேரண்டத்தின் அகவை உயர்ந்தது. அக்குழுக்கள் அளவுகோலாகக் கொண்டவை ஒருவகைச் சூப்பர்நோவாக்கள். வெண்குறுமீன் தாங்கக்கூடிய பெரும எடைக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் கண்ட வரம்பு, அவற்றை விளக்குவதில் அடிப்படையானது. இருபுறமும் திருத்தம் பெற்று இரு அகவைகளும் இணங்கின. இன்று ஏற்கப்படும் 1380 கோடி ஆண்டுகள் என்பது பிளாங்கு செயற்கைக்கோளின் நுண்ணலைப் பின்புல அளவைகளால் உறுதிப்பட்டது.

முடிவுரை

பேரண்டத் தோற்றம் பற்றிய அறிவு ஒரு நாளில் ஒருவர் கண்டது அன்று. கோட்பாடு தொடக்கம் ஒன்றைக் காட்டியது. கதிர்வீச்சு அதற்குச் சான்று தந்தது. தொலைவு அதன் காலத்தைக் குறித்தது. 200 கோடி ஆண்டுகள் 1380 கோடியாக உயர்ந்த வரலாறு பெருமளவும் தொலைவைத் திருத்திய வரலாறே. அது முடிந்துவிடவும் இல்லை. 2013இல் ஏவப்பட்டு 2025இல் பணி நிறைவுற்ற கையா செயற்கைக்கோள் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு தோற்றங்களைத் தந்துள்ளது. ஆயினும் விரிவின் வீதத்தைச் செபீடு மீன்களின் வழி அளந்தால் ஏறத்தாழ 73 என்றும், நுண்ணலைப் பின்புலத்தின் வழி கணித்தால் 67 என்றும் வருகிறது. இவ்வேறுபாடு அளவையின் பிழையா, கோட்பாட்டின் குறையா என்பது தீராத வினாவாக உள்ளது. முந்திய இரு முரண்களின் வரலாறு, விடை தேடுவோருக்குப் பொறுமையைக் கற்பிக்கும்.

இவ்வரலாற்றில் நிஜாமியா வானாய்வகத்தின் இடம் சிறிது, ஆனால் உறுதியானது. பரந்த வானில் அதற்கு உரியவை இரண்டு பட்டைகளே. பேகம்பேட்டையின் அவ்விடத்தில் இன்று இயங்கும் பொருளியல் சமூக ஆய்வு மையத்தின் முகவரியில் நிஜாமியா வானாய்வக வளாகம் என்ற பெயர் எஞ்சியுள்ளது. அங்கு நுண்ணோக்கியின்முன் அமர்ந்து கோட்டுக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறித்தவர்கள், செல்ல இயலாத இடத்தை அளந்தவர்கள். புறநானூற்றுப் புலவர் கூறிய அளந்து கூறுவோர் யாவர் என இன்று வினவினால், அவர்களையும் சுட்டலாம்.